ஒரே ஒலி, வேறு எழுத்து: ஆங்கிலச் சொற்களை இணை இணையாக மனப்பாடம் செய்யலாமா?

வாசகர் கேள்வி, 3 மார்ச்

ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைப் பக்கத்துக்குப் பக்கம் இணையாக அடுக்கிய ஒரு பட்டியலை ஆறு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முன்பு யோசிக்காமலே சரியாக எழுதிய சொற்களில்கூட இப்போது பேனா நின்றுவிடுகிறது. ஒலிக்கிறபடியே எழுதுவது என்று ஒரு முடிவெடுத்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லோருக்கும் தீர்ந்துவிடாதா?

3 மார்ச், இரவு

பேனா நிற்பதற்கு அந்தப் பட்டியலே காரணம் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன், இப்போது ஆங்கிலக் கையெழுத்துப் படிகளுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். கற்பித்த காலத்தில் நானும் இதே தவற்றைச் செய்தவன். எழுதுபொருளைக் குறிக்கும் ஸ்டேஷனரியையும் அசையாமல் நிற்பதைக் குறிக்கும் ஸ்டேஷனரியையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, வேறுபடும் ஓர் எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். அடுத்த வாரம் தேர்வு வைத்தபோது, முன்பு சரியாக எழுதிவந்த மாணவர்கள் சிலரும் தவறாக எழுதினார்கள். வட்டம் போட்ட இடம் அவர்கள் நினைவில் இருந்தது. எந்தப் பக்கத்தில் எந்த எழுத்து என்பது மட்டும் இல்லை.

இரண்டு சொற்களுக்குப் பொதுவாக இருப்பது ஒலி ஒன்றுதான் என்னும்போது, அவற்றைச் சேர்த்துப் படிப்பவர் மனத்தில் அந்த ஒலிதான் வலுப்பெறும். பிறகு ஒன்றை நினைத்தால் மற்றதும் உடன் வந்து நிற்கும். பிற்காலத்தில் நான் வேறு வழியில் போனேன். ஒவ்வொரு சொல்லையும் அதன் உறவுக்காரர்களோடு மட்டும் அறிமுகப்படுத்தினேன். எழுதுபொருள் ஸ்டேஷனரி, ஸ்டேஷனர் என்னும் வணிகரிடமிருந்து வந்தது. பேக்கரிடமிருந்து பேக்கரி வந்தது போலத்தான். ஈ, ஆர் என்ற முடிவு வணிகரின் பெயரிலேயே இருப்பதால் ஆருக்கு முன்னால் ஈ வருவதில் ஐயமே எழாது. எண் இரண்டைக் குறிக்கும் டூவில் ஒலிக்காத டபிள்யூ எதற்கு என்று கேட்பவர்களுக்கு ட்வின், ட்வெல்வ், ட்வென்டி, ட்வைஸ், பிட்வீன் என்று சொல்லிக் காட்டுவேன். அந்தக் குடும்பத்தில் மற்ற எல்லோரிடமும் அந்த எழுத்து இன்றும் வாய்விட்டு ஒலிக்கிறது.

4 மார்ச்

கேள்வியின் இரண்டாம் பகுதி: ஒலிக்கிறபடி எழுதிவிட்டால் என்ன?

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. அரை என்பதையும் அறை என்பதையும் இன்று பெரும்பாலோர் ஒன்றாகவே ஒலிக்கிறோம். சில வட்டாரங்களில் மட்டும் வல்லின றகரம் தனியே கேட்கிறது. இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் நாம் ஏற்போமா? அந்த இரண்டு எழுத்துகளும் ஒரு காலத்தில் எல்லோர் வாயிலும் தனித்தனியாக ஒலித்தவை. வாய் விட்டுவிட்டதை எழுத்து பிடித்து வைத்திருக்கிறது.

ஆங்கிலத்தில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. சந்திப்பைக் குறிக்கும் மீட்டை இரண்டு ஈ போட்டும், இறைச்சியைக் குறிக்கும் மீட்டை ஈயும் ஏயும் போட்டும் எழுதுகிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் இவை ஒப்பொலிச் சொற்களே அல்ல. முதலாவது ஏறத்தாழ நம் ஏகார ஒலியோடு மேட் என்று ஒலித்தது. இரண்டாவதில் வாய் இன்னும் அகலமாகத் திறந்தது. பிறகு சில நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் இடம் பெயர்ந்தன. முதல் சொல் ஈகாரத்துக்கு ஏறியது. இரண்டாவது மெல்ல மெல்லப் பின்தொடர்ந்து வந்து அதே ஈகாரத்தில் சேர்ந்துகொண்டது. கடலும் பார்த்தலும் சீ என்று ஒன்றானதும் இப்படித்தான். இந்தப் பெயர்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே, 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்து இறுகியது, ஒலி மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது.

எனக்கு மிகப் பிடித்த சான்று நைட். இரவைக் குறிக்கும் சொல்லிலும் வீரனைக் குறிக்கும் சொல்லிலும் உள்ள ஜி, எச் இரண்டும் தொண்டையில் உரசும் ஓர் ஒலிக்காக எழுதப்பட்டவை. வீரனின் பெயரில் முதலில் நிற்கும் கேயும் உண்மையாகவே ஒலித்தது. ஜெர்மனில் இவர்களின் உடன்பிறப்புகள் இன்றும் நாஹ்ட், க்னெஹ்ட் என்று அந்த ஒலிகளை இழக்காமல் இருக்கிறார்கள். ஜெர்மன் க்னெஹ்ட்டுக்குப் பணியாள் என்று பொருள். ஆங்கில நைட்டும் தொடக்கத்தில் சிறுவனையும் பணியாளையும் குறித்துப் பிறகுதான் வீரனாக உயர்ந்தான். கேயை நீக்கிவிட்டால் இந்த வரலாறு முழுவதும் கண்ணிலிருந்து மறைந்துவிடும் என்பதே எனக்கு வருத்தம்.

5 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஒலிக்காத எழுத்துகள் எல்லாம் பழைய ஒலியின் நினைவு என்பது போன்ற தொனி வந்துவிட்டது. அப்படி இல்லை. தீவைக் குறிக்கும் ஐலண்டில் உள்ள எஸ் எந்தக் காலத்திலும் ஒலித்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்த எழுத்தே கிடையாது. பிரெஞ்சு வழியாக வந்த ஐல் என்னும் வேறொரு சொல்லோடு உறவு இருப்பதாகத் தவறாக எண்ணிப் பின்னால் செருகினார்கள். இருக்கை வரிசைகளுக்கு இடையிலுள்ள நடைவழியைக் குறிக்கும் ஐலும் அதே குழப்பத்தில் ஓர் எஸ்ஸைப் பெற்றுக்கொண்டது. முழுமையைக் குறிக்கும் ஹோலில் முதலில் நிற்கும் டபிள்யூவும் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்ததுதான். அதன் உண்மையான உறவினர்கள் ஹீல், ஹெல்த் ஆகியவை. அவற்றில் அந்த எழுத்து இல்லை.

ஆகவே உறவுமுறை எல்லா இடத்திலும் கைகொடுக்காது. கைகொடுக்கும் இடங்கள் ஏராளம் என்பதால் அதை விடவும் மாட்டேன்.

7 மார்ச்

யாருடைய காதுக்கு ஒரே ஒலி? நம் பட்டியல்கள் இதைச் சொல்வதே இல்லை. நீதிமன்றத்தைக் குறிக்கும் கோர்ட்டும் பிடித்ததைக் குறிக்கும் காட்டும் தெற்கு இங்கிலாந்துப் பேச்சில் ஒன்றுதான். ஆர் ஒலியை உருட்டும் ஸ்காட்லாந்தில் வேறு வேறு. அத்தையும் எறும்பும் அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஒரே ஒலி, லண்டனில் இல்லை. எழுதுகோல் பென்னும் குண்டூசிப் பின்னும் அமெரிக்கத் தென்பகுதியில் பலருக்கு ஒன்றாகவே ஒலிக்கின்றன. எது என்று கேட்கும் விச்சும் சூனியக்காரியும் முன்பு தெளிவாக வேறுபட்டு ஒலித்தவை, ஸ்காட்லாந்தில் பலருக்கு இன்றும் அப்படியே.

நமக்கோ இதற்கு மேல் ஒரு பட்டியல் உண்டு, அதை எந்த ஆங்கிலேயரும் எழுதித் தரமாட்டார். உதடுகளைக் குவித்துச் சொல்ல வேண்டிய டபிள்யூவையும் மேற்பல் கீழுதட்டில் பட வேண்டிய வியையும் நாம் ஒரே வகரத்தால் சொல்லிவிடுகிறோம். மேற்குத் திசையும் உள்சட்டையும் நம் வாயில் வெஸ்ட். ஈரமும் கால்நடை மருத்துவரும் வெட். திராட்சைக் கொடியும் அதன் மதுவும் வைன். நான் பல ஆண்டுகள் இவற்றை ஒப்பொலிச் சொற்கள் என்றே நம்பியிருந்தேன். ஓர் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் பணியில், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஒருவர் உச்சரித்ததைக் கேட்டபோதுதான் உதடு அசையும் வேறுபாடு காதில் விழுந்தது. அன்று கண்ணாடிக்கு முன் நின்று அரை மணி நேரம் வெட், வெட் என்று சொல்லிப் பார்த்தேன். முதல் சொல்லுக்கு உதடு வட்டமாகக் குவிந்து விரிகிறது; இரண்டாவதில் பல் தெரிகிறது.

இந்த இழையைத் தமிழ் எழுத்தில் எழுதுவதிலும் அதே சிக்கல் இருக்கிறது. டி என்று நான் எழுதினால் அது ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்தா, இருபதாம் எழுத்தா? பி என்றால் இரண்டாவதா, பதினாறாவதா? பேட் என்ற தமிழ் வடிவத்துக்குள் மட்டையும், வௌவாலும், கெட்டதும், மெத்தையிட்ட காப்பும் ஒன்றாக அடைந்துகிடக்கின்றன. இவற்றில் மட்டையும் வௌவாலும்தான் ஆங்கிலத்தில் உண்மையாகவே ஒலியாலும் எழுத்தாலும் ஒன்று. அவையும் பிறப்பால் வேறு: பறக்கும் விலங்கின் பழைய பெயர் ககர ஒலியோடு முடிந்தது, 16ஆம் நூற்றாண்டுவாக்கில்தான் அது மாறி மட்டையின் பெயரோடு கலந்தது.

8 மார்ச்

எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் இருப்பவற்றைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு அதிக வேலை வைப்பது இந்த வகைதான்.

அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு நீண்ட அறிக்கையில், வழிநடத்தினார் என்று இறந்தகாலத்தில் வர வேண்டிய இடங்களில் எல்லாம் லீட் என்ற நிகழ்கால வடிவமே இருந்தது. பதினொரு இடங்கள். சொல்திருத்தி ஒன்றுக்குக்கூடச் சிவப்புக் கோடு போடவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு சொல் இருக்கிறது. எழுதியவர் கவனக்குறைவானவர் இல்லை. அவர் வேறொரு வினையின் தடத்தில் போயிருக்கிறார். படித்தலைக் குறிக்கும் வினைக்கு நிகழ்காலம் ரீட், இறந்தகாலம் ரெட், எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. அதே அமைப்பு வழிநடத்தலுக்கும் பொருந்தும் என்று கை நம்பிவிட்டது. அதற்குத் துணையாக ஈயம் என்னும் உலோகமும் நிற்கிறது: நிகழ்கால வினையைப் போலவே எழுதி, லெட் என்று ஒலிக்கிறார்கள். ஒலியைக் கேட்டு எழுதும் கைக்கு அந்த உலோகத்தின் எழுத்தும் சரியாகவே தோன்றும். சரியான இறந்தகால வடிவத்தில் ஏ கிடையாது, மூன்றே எழுத்துதான்.

காற்று விண்ட், சுருட்டுதல் வைண்ட். கண்ணீர் டியர், கிழித்தல் டேர். வில் போ, தலைவணங்குதல் பௌ. இவை எல்லாம் தனித்தனியே தெரிந்துகொள்ள வேண்டியவை. ஆனால் ரெக்கார்ட், பெர்மிட், ஆப்ஜெக்ட், பிரசன்ட் போன்றவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் அசையை அழுத்தினால் பெயர்ச்சொல், இரண்டாம் அசையை அழுத்தினால் வினைச்சொல். தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றாது என்பதால் நம் காது அதைத் தேடிப் போவதில்லை. ரிப்போர்ட், கன்ட்ரோல் போன்றவை இந்த ஒழுங்குக்குள் வராது, இரண்டு வேலைக்கும் அவற்றின் அழுத்தம் பின் அசையிலேயே இருக்கும்.

11 மார்ச்

டெசர்ட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று மூன்று நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் இந்தப் பொருளின் எல்லாச் சிக்கலும் அந்த ஒரு சொல்லிலேயே கூடியிருக்கிறது.

பாலைவனத்துக்கு முதல் அசையில் அழுத்தம். கைவிட்டு ஓடுதல் என்னும் வினைக்கு அதே எழுத்து, அழுத்தம் இரண்டாம் அசையில். இவை இரண்டும் கைவிடுதல் என்னும் ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை. பாலை என்பது கைவிடப்பட்ட நிலம். உணவின் முடிவில் வரும் இனிப்புக்கு நடுவில் இரட்டை எஸ், ஒலியோ கைவிடுதலின் ஒலி. அது பிரெஞ்சிலிருந்து வந்தது, பரிமாறியவற்றை மேசையிலிருந்து அகற்றுதல் என்பது அதன் பொருள். பாத்திரங்களை எடுத்த பிறகு வருவதால் அந்தப் பெயர்.

நான்காவது ஒருவர் இருக்கிறார், பெரும்பாலான பட்டியல்களில் அவர் பெயரே இருக்காது. ஒருவர் தமக்குத் தகுந்த பலனைப் பெற்றார் என்பதற்கு ஆங்கிலத்தில் ஜஸ்ட் டெசர்ட்ஸ் என்பார்கள். இனிப்பை நினைத்து இரட்டை எஸ் போட்டு எழுதுகிறவர்கள் ஏராளம். நானும் ஒரு நூலில் அப்படியே விட்டுவிட்டேன், அச்சான பிறகுதான் கண்டேன். அது இன்னும் மனத்தில் உறுத்துகிறது. அந்த டெசர்ட், தகுதியுடையவராதல் என்னும் டிசர்வ் வினையின் பிள்ளை. அதனால் ஒற்றை எஸ். இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வியப்பு: டிசர்வ், இனிப்பு டெசர்ட் இரண்டுமே சர்வ் என்னும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்றில் நன்கு பணிசெய்தல், மற்றதில் பரிமாறியதை எடுத்தல்.

12 மார்ச்

இதைப் படித்த ஒருவர், அப்படியானால் ஒரே ஒலியுள்ள சொற்கள் எல்லாம் ஆழத்தில் உறவினர்களா என்று கேட்கிறார். சில மட்டும். மாவும் பூவும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்தவை; அரைத்ததில் மிகச் சிறந்த பகுதி பூ எனப்பட்டது, எழுத்தைப் பின்னால் பிரித்தார்கள். ஆற்றின் கரையும் பணம் வைக்கும் வங்கியும் தூரத்து உறவு: நாணயம் மாற்றுவோர் போட்டு உட்கார்ந்த பலகையின் பெயர் இத்தாலி வழியாக வங்கியானது, அந்தப் பலகைக்கும் கரை மேட்டுக்கும் ஜெர்மானிய மொழிகளில் வேர் ஒன்றே. நாயின் குரைப்பும் மரத்தின் பட்டையும் உறவே இல்லாதவை.

கண்ணின் கருமணியும் மாணவரும் பியூப்பில் என்று ஒன்றாக நிற்பது ஏன் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். லத்தீனில் சிறு பொம்மை என்று பொருள்படும் சொல் கருமணிக்கு ஆனது. அதே குடும்பத்தில் பிறந்த, பாதுகாவலரின் கீழ் வளரும் பிள்ளையைக் குறித்த சொல் மாணவருக்கு ஆனது. எதிரே இருப்பவர் கண்ணை உற்றுப் பாருங்கள். கருமணிக்குள் பொம்மை அளவில் நீங்கள் தெரிவீர்கள். தமிழிலும் பாவை என்றால் பொம்மை, பாவை என்றால் கருமணி. இரண்டு மொழிகளும் தனித்தனியாக ஒரே கண்ணைப் பார்த்து ஒரே பெயரை வைத்திருப்பது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்க வைக்கும் செய்தி.

15 மார்ச்

எழுத்தில் பிழை வந்தால் என்ன, பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. பெரும்பாலும் புரியும். புரியாமல் போன ஒரு நாளைச் சொல்கிறேன்.

1989 பிப்ரவரி 19 அன்று ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் 66ஆம் எண் சரக்கு விமானம், ஒரு போயிங் 747, சிங்கப்பூரிலிருந்து வந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 2400 அடிக்கு இறங்கச் சொன்ன கட்டுப்பாட்டாளர், எண்களைத் தனித்தனியாக உச்சரித்து, இறங்குக, டூ ஃபோர் ஸீரோ ஸீரோ என்றார். எண் இரண்டைக் குறிக்கும் டூவை, விமானி அறையில் இருந்தவர்கள் இத்தனை அடிக்கு என்பதில் வரும் ‘கு’ உருபின் பொருள்தரும் டூவாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் காதில் விழுந்தது 400 அடிக்கு இறங்குக என்பது. பதிலும் 400 என்றே போனது, யாரும் திருத்தவில்லை. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. 437 அடி உயரத்தில் குன்றில் மோதியது. நால்வர் இறந்தார்கள். அந்த விபத்தில் வேறு தவறுகளும் இருந்தன. ஆனால் முதல் கண்ணி அறுந்தது அந்த ஒரு சொல்லில்.

உயரத்தைச் சொல்லும்போது ஆயிரம், நூறு என்ற சொற்களைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது வானொலிப் பேச்சின் முறை, அதன் தேவை இங்கே தெரிகிறது. அதே பேச்சுமுறையில் ஐந்தை ஃபைஃப் என்றும், ஒன்பதை நைனர் என்றும், நான்கை ஃபோவர் என்று இரண்டு அசையாகவும் உச்சரிப்பதும் ஒலி மயக்கத்துக்கு இடம் தராமல் இருக்கத்தான்.

18 மார்ச்

பட்டியலே கூடாது என்று முதல் நாள் சொன்னதை இப்போது கொஞ்சம் தளர்த்துகிறேன். இரண்டு வாரமாக என் சொந்த வரைவுகளைக் கவனித்தேன். களைத்திருக்கும் இரவுகளில், அவர்களுடைய என்று பொருள்படும் தேர் வர வேண்டிய இடத்தில், அங்கே என்று பொருள்படும் தேரை என் கை எழுதியிருக்கிறது. எனக்கு வேறுபாடு தெரியும். ஆனால் வேகமாக எழுதும்போது மனம் வாக்கியத்தை உள்ளுக்குள் ஒலிக்கிறது. கை அந்த ஒலியைக் கேட்டு எழுதுகிறது. ஆங்கிலத்தைக் கண்ணால் மட்டும் படித்து வந்த காலத்தில் இந்தப் பிழையை நான் செய்ததே இல்லை. பேசிப் பழகிய பிறகுதான் வந்தது.

எனவே கற்பதற்குப் பட்டியல் வேண்டாம், சரிபார்ப்பதற்கு ஒன்று இருக்கட்டும். அதுவும் அச்சில் வரும் பட்டியல் அல்ல. நீங்கள் உண்மையாகவே தவறிய சொற்களை மட்டும் கொண்ட, உங்கள் கையால் எழுதிய பட்டியல். என்னுடையதில் பதினேழு சொற்கள்தான் இருக்கின்றன.

19 மார்ச்

கேள்வி கேட்டவர் தம் வரைவிலிருந்து ஒரு வாக்கியம் அனுப்பி, சரியா என்று கேட்டிருக்கிறார். ஊழியர்களுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தார்கள் என்பதற்கு ஃப்ரீ ரெயின் என்னும் வழக்கைப் பயன்படுத்தி, நடுவில் ஜி போட்டு எழுதியிருக்கிறார். ஜி உள்ள ரெயின் அரசாட்சி. அதன் உறவினர்கள் ரீகல், ரீஜென்ட். அவற்றிலும் அந்த ஜியைப் பார்க்கலாம். இங்கே வேண்டியது குதிரையின் கடிவாள வார். பிடித்து வைத்தல் என்னும் ரிடெய்னோடு பிறந்தது, ஜி இல்லாதது. வாரைத் தளர்த்தி, குதிரையை அதன் போக்கில் விடுவதுதான் அந்த வழக்கின் படம். ஜியை எடுத்துவிடுங்கள், வாக்கியத்தில் மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது.